பின்னுக்குச் சாய்ந்து நின்றவள்

திராய்மடு,
மட்டக்களப்பு.
2008 பெப்ரவரி 11

ஜசிந்தாவுக்கு,

நீ அனுப்பின கம்பளிச் சட்டை கிடைச்சிது. டினுஷாவுக்கு அளவு. இஞ்சத்த வெயிலுக்கு ஒரு நாளும் போட ஏலா. ஆனாலும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு போட்டுப் பாத்துப்போட்டு மடிச்சு வெச்சிருக்காள். தோள் அகலம் அப்பிடியே உன்ட அண்ணன்ட தோள். ஆண்டவர்ர கிருபையில எங்களுக்குக் குறை ஒண்டுமில்ல.

இதெல்லாம் சொல்லவேணுமே எண்டு சொல்லுறன். எழுத வந்தது வேற.

சீதேவிப்பிள்ளையக்காவ மறந்திருக்கமாட்டாய். நாவலடியில எங்களுக்கு அடுத்த வளவு. கடல் வந்து எல்லாத்தையும் கொண்டுபோன பிறகு, திராய்மட்டில வீடு தரக்குள்ளயும் அடுத்த வீடாத்தான் விழுந்தது. அவட மகன் பேர்கனில உன்ட பக்கத்திலதானே இருக்கான். அவன் டெலிபோன்ல சொன்னானாம், "செசீலியாக்காட மச்சாள் இஞ்ச பிஸ்டல் சுடப் பழகுறா, கிளப் ஒண்டில சேந்திருக்கா, பொம்பிளையளுக்குப் போட்டி வெச்சதில கோப்பையும் எடுத்திருக்கா" எண்டு. அக்கா அதைச் சந்தோசமாத்தான் ஓடிவந்து சொன்னா. நான் அரிசி கழுவின சட்டியோட அப்பிடியே குந்தியிருந்தன்.

பொய்யெண்டு எழுது. நம்புறன்.

மெய்யெண்டா ஒண்டு கேக்கன். உன்ட அண்ணன் ஹெக்டரை அவர்ர என்ஜின் கடை வாசலில வெச்சுச் சுட்டு வாற மாசம் ரெண்டு வருசம். செத்தவீட்டுக்கு நீ வரல்ல. பாதை அப்பிடி, விசா அப்பிடி, அதுக்கு நான் குறை சொல்லல்ல. ஆனா அந்தச் சாமானைக் கையில எடுக்க உனக்கு என்னெண்டு மனம் வந்தது? அதும் விளையாட்டுக்கு?

நினைவுப் பூசைக்கு வாறன் எண்டு போன கடிதத்தில எழுதியிருந்தாய். வா. கோயிலுக்கு ஆரும் வரலாம். என்ட வீட்டில வந்து தங்காத.

செசீலியா


பேர்கன்,
நோர்வே.
2008 மார்ச் 3

அன்புள்ள மச்சாள்,

பொய் என்று எழுதினால் நம்புவதாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் அப்படி எழுத முடியவில்லை. மெய்தான். கோப்பை என்பது மட்டும் பெரிய பேச்சு. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குள் மூன்றாவதாக வந்ததற்கு ஒரு கோப்பிக் குவளை தந்தார்கள், அவ்வளவுதான்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் குன்வோர் என்றொரு நேர்ஸ் இருக்கிறா. அவ பல காலமாக அந்தக் கிளப்புக்குப் போகிறவ. அங்கே தாளில் வட்டம் கீறித் தொங்கவிட்டு அதைத்தான் சுடுவார்கள். நம்மூரில் கரம்போர்ட் விளையாடப் போகிறது போல, கம்பளித் தொப்பி போட்ட கிழவிகளும் வந்து சுட்டுவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அண்ணா போன பிறகு நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. ஒருநாள் வேலையில் வைத்து குன்வோரிடம், "ஒரு பிஸ்டல் எவ்வளவு பாரம் இருக்கும்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. அண்ணாவின் முகத்தை நான் காணவில்லை. பெட்டியைக் காணவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. அவரைக் கொன்றது எப்படிப்பட்ட சாமான் என்றாவது தொட்டுப் பார்க்க நினைத்தேனோ என்னவோ. அவ ஒன்றும் கேட்காமல், "வந்து தூக்கிப் பார்" என்றா.

தூக்கினேன். உடனே வைத்துவிட்டு அழுதேன். அதோடு நான் திரும்பியிருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள்.

ஆனால் மச்சாள், அங்கே முதலில் பழக்குவது சுடுவதை அல்ல, நிற்பதை. இலக்குக்கு நேரே திரும்பி, கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். முழங்கால் விறைக்கக் கூடாது. பாரம் குதிக்காலில் இல்லாமல் முன்பாதத்தில் இருக்க வேண்டும். இடுப்பை விடத் தோள் கொஞ்சம் முன்னுக்கு. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து நீட்ட வேண்டும். நான் நின்றதைப் பார்த்ததும் பழக்குகிறவர், "பின்னுக்குச் சாய்கிறாய்" என்றார். புதிதாக வருகிற பெண்கள் அநேகம் பேர் அப்படித்தானாம். கைக்கு முன்னால் ஒரு பாரம் வந்ததும், பிள்ளையை இடுப்பில் தூக்கினவள் நிற்கிற மாதிரி, இடுப்பை முன்னே தள்ளி முதுகைப் பின்னுக்கு வளைத்துவிடுவார்களாம். அப்படி நின்றால் வெடி மேலே போகும். உதைப்பு ஆளையும் தடுமாற வைக்கும். ஒரு காலைப் பின்னே வைத்துச் சரிந்து நிற்கிற இன்னொரு முறையும் உண்டு. எனக்கு அதுவும் ஒத்துவரவில்லை. எப்படி நின்றாலும் பின்னுக்கே சாய்ந்தேன்.

எனக்கு வேறு காரணமும் இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு வந்து உங்களோடு நின்றபோது அந்தச் சுனாமித் தண்ணீர் என்னை நாவலடியிலிருந்து தூக்கி வாவிக்குள் கொண்டுபோய்ப் போட்டதல்லவா? அண்ணா தலைமயிரில் பிடித்து இழுத்துத்தான் என்னைத் தோணியில் போட்டார். அன்றிலிருந்து என் காலுக்குக் கீழே நிலம் உறுதியாக இருந்ததில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போதுகூட எதையாவது பிடித்துக்கொள்வேன். டொக்டர் தந்த மருந்தும் உதவவில்லை. அந்தக் கிளப்பில்தான், "முன்பாதம், முன்பாதம்" என்று ஒரு மனிசன் சலிக்காமல் சொல்லிச் சொல்லி, ஒருநாள் நான் ஒன்றையும் பிடிக்காமல் நின்றேன். வெடி தாளில் எங்கே பட்டது என்று நான் பார்க்கவில்லை. நான் நிற்கிறேன் என்பதே எனக்குப் போதும்போல இருந்தது.

இதை நியாயம் என்று எழுதவில்லை. நடந்தது இதுதான். துவக்கு என்னிடம் இல்லை, அதைக் கிளப்பிலேயே பூட்டி வைக்கிறார்கள்.

பூசைக்கு நான் வரவில்லை. கோயிலுக்கு வந்து, உங்கள் படலையைத் தாண்டிக்கொண்டு திரும்பிப் போக என்னால் முடியாது.

ஜசிந்தா


திராய்மடு
2008 ஜூன் 20

ஜசிந்தா,

இது தபாலில வரல்ல. சீதேவிப்பிள்ளையக்கா மகனிட்ட வாறா, அவட கையில ஒட்டித் தாறன். வாசிச்சுப்போட்டு எரிச்சிரு.

உன்ட கடிதம் வந்து மூணு மாசம் மறுமொழி எழுத ஏலாமப் போச்சு. கோவம் எண்டு நினைச்சிருப்பாய். கோவம் முதல் நாளோட முடிஞ்சிது.

உன்ட அண்ணனை ஆர் சுட்டது எண்டு கேட்டவங்களுக்கெல்லாம் நான் காணல்ல எண்டுதான் சொன்னனான். பொலிசுக்கும் அதான், கோயில் பாதருக்கும் அதான். பகல் சோறு கொண்டுபோய்க் குடுத்துப்போட்டுக் கடைக்குப் பின்னால தண்ணி டாங்கியடியில நிண்டன் எண்டு. அங்கதான் நிண்டன். ஆனா தகரத்துக்கும் டாங்கிக்கும் இடையில வாசல் தெரியும். நான் கண்டனான்.

மோட்டச்சைக்கிள்ல ரெண்டு பேர் வந்தாங்க. ஓட்டினவன் இறங்கல்ல. பின்னால இருந்து இறங்கினது ஒரு பொடிச்சி. முகத்தில துணி கட்டியிருந்தாள். "ஹெக்டர் அண்ணன்" எண்டு கூப்பிட்டாள். இவர் கையில எண்ணெயோட எழும்பி, "ஓம், என்ன தங்கச்சி?" எண்டு கேட்டார். அவள் ரெண்டு காலையும் அகட்டி, ரெண்டு கையாலயும் அதைப் பிடிச்சு நீட்டினாள். இடுப்பு முன்னுக்கு, முதுகு பின்னுக்கு. நீ எழுதினதுதான், எழுத்துக்கு எழுத்து. முதல் வெடி மேல போய்க் கூரைத் தகரத்தில பட்டுச்சு. அவளும் தடுமாறிப்போனாள். இவர் ஓடல்ல. என்ன நடக்குது எண்டு விளங்கல்லப்போல, தகரத்தைத்தான் நிமிந்து பாத்தார். மறுகா அவள் கிட்ட வந்தாள்.

அவள் புதுசு எண்டு உன்ட கடிதத்தை வாசிக்கத்தான் எனக்கு விளங்கினது. ஆரோ அவளுக்கும் நிக்கப் பழக்கியிருக்காங்க, அவளும் சரியா நிக்கத் தெரியாம நிண்டிருக்காள்.

அண்டைக்கு டினுஷா பள்ளிக்கூடத்தில. அவளுக்கும் சொல்லல்ல. இப்ப ரோட்டில போனா பொம்பிளையள்ற காலையும் இடுப்பையும்தான் பாக்கன். பஸ்ஸில, சந்தையில, பூசையில. உனக்குத்தான் முதல்முதல் சொல்லுறன். ஏனெண்டா நீதான் அதை எழுதினாய்.

செசீலியா


பேர்கன்
2008 ஜூலை 9

மச்சாள்,

வாசித்தேன். எரித்துவிட்டேன்.

ஐந்தாறு தரம் எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். இத்தனை காலம் அதை ஒருவரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தீர்கள் என்பதை நினைத்தால் என் கதை ஒரு கதையே இல்லை.

கிளப்பை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதால் இல்லை. அடுத்த கிழமை போய் நின்றபோது கை நீளவில்லை. கால் உறுதியாகத்தான் நின்றது. கைதான் வரவில்லை.

டினுஷாவின் படிப்புக்கு என்ன தேவை என்றாலும் எழுதுங்கள்.

ஜசிந்தா


திராய்மடு
2010 ஓகஸ்ட் 24

ஜசிந்தா,

நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் டெலிபோன்ல மழையையும் வெயிலையும் கதைச்சுக் கதைச்சே ரெண்டு வருசம் போயிற்று. சண்டையும் முடிஞ்சுபோச்சு. இப்ப ஒண்டை எழுதிக் கேக்க வேண்டி வந்திருக்கு.

பாதர் சொல்லி, கோயில் மண்டபத்தில பொம்பிளையளுக்குத் தையல் பழக்குறன். சுனாமியில புருசனை விட்டவள், சண்டையில விட்டவள், எல்லாரும் வாறாங்க. இந்த மாசம் புனர்வாழ்வு முகாமில இருந்து விடுபட்டு வந்த ஒரு பொடிச்சி சேந்திருக்காள். மாங்கேணிப் பக்கம். ஆர்த்திகா எண்டு பேர். இருவது வயசு இருக்கும். கதை பேச்சு குறைவு, கை சுத்தம்.

முதல் நாள் துணி வெட்டுற மேசைக்கு முன்னால வந்து நிண்டாள். கத்தரிக்கோலை ரெண்டு கையாலயும் பிடிச்சு, காலை அகட்டி, இடுப்பை முன்னுக்குத் தள்ளி, முதுகைப் பின்னுக்குச் சாச்சு. எனக்குக் கையில இருந்த ஊசி எங்க விழுந்தது எண்டு தெரியா. வீட்டுக்கு வந்து சோறு சமைக்கல்ல. டினுஷா காச்சல் எண்டு நினைச்சுப் பிளேன்ரீ ஊத்தித் தந்தாள்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பாக்கன். உயரம் சரி. தோள் சரி. துணி கட்டியிருந்த முகம், அதால முகத்தைச் சொல்ல ஏலா.

போன கிழமை விசாரணைக்கெண்டு ஒரு ஆள் மண்டபத்துக்கு வந்தார். எங்கட பாசை நல்லாப் பேசினார், மரியாதையான ஆள். "அக்கா, உங்கட மிஸ்டர்ர கேஸ் இன்னும் முடியல்ல. அண்டைக்கு நீங்க ஒண்டுமே காணல்லயா? இஞ்ச வாற பிள்ளையளில ஆரைப் பத்தியும் சந்தேகம் எண்டா சொல்லுங்க, உங்கட பேர் வெளிய வராது" எண்டார். யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். வாய் அப்பிடிச் சொல்லிப்போட்டுது. திரும்பி வருவார்.

நான் விரலை நீட்டினா அவளைக் கொண்டுபோவாங்க. எங்க எண்டு ஆரும் கேக்கமாட்டாங்க. அவள்தான் எண்டா, கொண்டுபோகட்டும் எண்டுதான் மனம் சொல்லுது. உனக்கு ஒளிச்சு என்ன?

உன்னட்டக் கேக்கிறது இதுதான். சுடப் பழகினவள் நிக்கிற நிலை பிறகும் உடம்பில இருக்குமா? ஒராளை அவட நிலையை வெச்சு இவதான் எண்டு சொல்லலாமா? கெதியா எழுது.

செசீலியா


பேர்கன்
2010 செப்ரெம்பர் 6

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் உடைத்தேன். வாசித்ததும் என் மனதில் முதலில் வந்தது, ‘அவள்தான், சொல்லிவிடுங்கள்’ என்பதுதான். அதை அப்படியே எழுதியும்விட்டேன். தபாற்பெட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் என் அண்ணா, மச்சாள். அவளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இருந்துவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் நீங்கள் கேட்டது வேறு கேள்வி. அதற்குத் தெரியாமல் மறுமொழி எழுதக்கூடாது என்று, இரண்டு வருஷத்துக்குப் பிறகு கிளப்புக்குப் போனேன். சுடவில்லை. அன்று புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வகுப்பு. பின்வாங்கில் இருந்து பார்த்தேன். ஒருத்தி பள்ளிக்கூட ரீச்சர். ஒருத்தி மீன்கடையில் வேலை. ஒரு சோமாலியப் பிள்ளை, தலைக்குத் துணி கட்டியிருந்தாள். இன்னும் இரண்டு பேர். ஒவ்வொருத்தியும் பிஸ்டலைக் கையில் எடுத்து நீட்டியதும் பின்னுக்குச் சாய்ந்தாள். ஒருத்திகூடத் தப்பவில்லை. முன்பின் சுட்டே அறியாதவர்கள். பழக்குகிறவர் வந்து தோளில் தட்டித் தட்டி முன்னுக்குக் கொண்டுவந்தார்.

அவரிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன், யார் எவர் என்று சொல்லாமல். "பழகப் பழகப் பின்சாய்வு போய்விடும்" என்றார். "நிறையச் சுட்டவள் முன்னுக்குத்தான் நிற்பாள். பின்னுக்குச் சாய்கிறவள் சுடத் தெரியாதவள், இல்லையென்றால் பயந்தவள், இல்லையென்றால் முதுகில் ஏதோ வருத்தம் உள்ளவள்."

அந்தப் பெண்களில் ஒருத்தி உங்கள் தையல் மேசைக்கு முன்னால் வந்து நின்றாலும், அவள்தான் என்று நினைத்திருப்பீர்கள். என்னைக் கண்டாலும் நினைத்திருப்பீர்கள்.

ஆர்த்திகா அவள் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. நிற்கிற நிலையை வைத்து உங்களுக்கும் தெரியாது. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நீங்கள் என்ன செய்தாலும் நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் அந்த மனிசனுக்குச் சொன்னதைத் திருப்பி வாங்க உங்களால் முடியாது.

என்ன நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். தபாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜசிந்தா


திராய்மடு
2010 டிசம்பர் 2

ஜசிந்தா,

உன்ட கடிதம் வந்து ரெண்டாம் நாள் அந்த ஆளும் வந்திட்டார். பொம்பிளையள் எல்லாம் மெசின்ல இருந்தாங்க, அவளும்தான். அவர் கதிரையை இழுத்துப்போட்டு, "என்னக்கா, யோசிச்சீங்களா?" எண்டார். "நான் ஒண்டும் காணல்ல. எனக்கு ஆரையும் தெரியா" எண்டன். "வடிவா யோசிச்சீங்களா?" "ஓம், வடிவா." மறுகா எழும்பிப் போயிற்றார். பிறகு வரல்ல.

நல்ல மனதில சொன்னன் எண்டு நினைக்காத. அண்டைக்கு வீட்டை வந்து உன்ட அண்ணன்ட படத்துக்கு முன்னால நிக்க ஏலாமப் போச்சு. அவளுக்கு ஒரு வார்த்தை நல்லாச் சொல்லவும் மனம் வரல்ல. எவ்வளவோ நாள் பேர் சொல்லிக் கூப்பிடாமலே வேலை குடுத்தன்.

போன மாசம் நத்தாருக்குச் சட்டை தைக்கத் தொடங்கினம். ஆளுக்காள் அளவு எடுக்கவேணும். அவளுக்கு எடுக்க ஆரும் மிஞ்சல்ல, நான்தான் எடுக்க வேண்டி வந்தது. நாடாவை முதுகால சுத்தக்குள்ள கையில ஒண்டு தட்டுப்பட்டுது, புளியங்கொட்டையாட்டம். அவள் துடிச்சுப்போனாள்.

"நோகுதா?"

"ஓம் அன்ரி. குண்டுச் சன்னம். கடைசிச் சண்டையில பட்டது. எடுத்தா நடக்க ஏலாமப் போகும் எண்டு விட்டுட்டாங்க. நிமிந்து நிண்டா குத்தும். அதான் சாஞ்சு நிக்கன்."

நான் நாடாவை விடல்ல. "நீ எப்ப இயக்கத்துக்குப் போனாய்?" எண்டு கேட்டன்.

"போகல்ல அன்ரி, கொண்டுபோனாங்க. வாகரையில சண்டை நடக்கக்குள்ள. ஓ.எல் சோதினை வருது எண்டு படிச்சுக்கொண்டிருந்தன். அதுவரைக்கும் நான் மாங்கேணியை விட்டு ஒரு இடமும் போனதில்ல. மட்டக்களப்பு ரவுனை முகாமில இருந்து வரக்குள்ளதான் முதல்முதல் கண்டன்."

வாகரைச் சண்டை அண்ணன் போன வருசக் கடைசியில. உன்ட அண்ணன் போனது மார்ச். அந்த மார்ச்சில இவள் வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை. தாயும் ஒருநாள் அவளோட வந்தா, நான் கேக்காமலே அதையே சொல்லி அழுதா.

எனக்கு ஆறுதல் வரும் எண்டுதானே நினைப்பாய்? தண்ணி குடிக்க வெளிய போனவள் அங்கினயே சுவரில சாஞ்சு நிண்டன். அந்த ஆளிட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா! இப்ப அவளுக்கு உயரமான ஸ்டூல் ஒண்டு செய்விச்சுக் குடுத்திருக்கன். இருந்துகொண்டு வெட்டுறாள்.

இன்னொண்டு. இவ்வளவும் நடந்த பிறகு டினுஷாவுக்கு ஒளிக்க எனக்குப் பெலன் இல்லாமப் போச்சு. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து, மீன் வெட்டிக்கொண்டு இருக்கக்குள்ள சொன்னன். எல்லாம் சொன்னன். மோட்டச்சைக்கிள், கூரைத் தகரம், "என்ன தங்கச்சி" எண்டு அப்பா கேட்டது, எல்லாம். அவள் அழுவாள், கத்துவாள், ஏன் இவ்வளவு காலம் ஒளிச்சீங்க எண்டு கேப்பாள் எண்டு நினைச்சன். அவள் தேங்காய் துருவுறதை நிப்பாட்டிப்போட்டு, ஒண்டே ஒண்டுதான் கேட்டாள்.

"அம்மா, அந்தப் பிள்ளைக்கு எத்தின வயசிருக்கும்?"

இவ்வளவு வருசமா நான் சுட்டவள்ற காலைப் பாத்தன், இடுப்பைப் பாத்தன், கையைப் பாத்தன். வயசை யோசிச்சதே இல்ல. கண்ணை மூடிப் பாத்தன். அந்தக் குரல், "ஹெக்டர் அண்ணன்" எண்ட குரல்.

"உன்ட வயசுதான் மகள்" எண்டன்.

பதினாறு. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டுது. அவள் திரும்பத் துருவத் தொடங்கினாள். நான் மீனைக் கழுவினன்.

ஜசிந்தா, நத்தாருக்கு லீவு கிடைச்சா வா. டினுஷாட அறையில உனக்கும் கட்டில் போட இடமிருக்கு. அண்ணன்ட கல்லறைக்கு மூணு பேருமாப் போவம்.

செசீலியா